கருவிழி கேட்ட காற்று

கான்டாக்ட் லென்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லியோனார்டோ டா வின்சியிடம்தான் தொடங்குகிறார்கள். 1508-ஐ ஒட்டி அவர் எழுதிய கண் பற்றிய குறிப்புகளில், தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் முகத்தை அமிழ்த்திக் கண் திறந்து பார்க்கும் மனிதன் வருகிறான். அடுத்து 1637-இல் டேகார்ட் வருகிறார். அவர் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்றைக் கண்ணின் மேலேயே வைக்கச் சொன்னார். வைத்தால் இமைக்க முடியாது. 1801-இல் தாமஸ் யங் சிறிய நுண்ணோக்கியின் லென்ஸை எடுத்து, விளிம்பில் மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் விட்டுத் தன் கண்ணோடு பொருத்திப் பார்த்தார். இவர்களைக் கான்டாக்ட் லென்ஸின் முன்னோர் என்று அடுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. லியோனார்டோவுக்குக் கண் எப்படிப் பார்க்கிறது என்பது தெரிய வேண்டியிருந்தது. தூரத்துக்கும் பக்கத்துக்கும் கண் தன்னைத் திருத்திக்கொள்வது கருவிழியின் (கார்னியாவின்) வேலை இல்லை என்று யங்குக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைக்க ஒரு வழி தேடியவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வரிசையிலிருந்து வேறொரு உண்மை வெளிப்படுகிறது. கண்ணுக்குள் வரும் ஒளி பெருமளவு வளைவது கருவிழியின் முன்பரப்பில்தான். அதன் மேல் நீரை நிறுத்தி அதற்கு முன் வேறொரு வளைவை வைத்தால் பார்வையை மாற்றிவிடலாம் என்ற ஒளியியல் கணக்கு 1801-க்குள் தீர்ந்துவிட்டது. 1845-இல் வெளியான ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஜான் ஹெர்ஷல், கோணலான கருவிழியின் மேல் ஒளி ஊடுருவும் கூழை வைத்து அதைக் கண்ணாடிச் சிமிழால் மூடலாம் என்றுகூட எழுதிவிட்டார். அப்படியானால் சாதாரண மனிதர் ஒருவர் காலையில் லென்ஸ் போட்டு மாலையில் கழற்றும் நாள் வருவதற்கு ஏன் அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது? கருவிழி ஒரு நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையைப் புரிந்துகொள்ளவே அத்தனை காலம் ஆயிற்று என்பதே என் வாதம். இன்று கடையில் விற்கும் ஒவ்வொரு வகை லென்ஸும் அந்த நிபந்தனைக்கு ஏதோ ஒரு காலத்தில் சொல்லப்பட்ட அரைகுறைப் பதில்.

கண்ணை விரலால் தொட்டாலே இமை மூடிக்கொள்ளும். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கோக்கேன் சொட்டு கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று காட்டியதும் அந்தத் தடை நீங்கியது. அதன்பின் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் நான்கு இடங்களில் கண்ணாடிச் சில்லுகள் கண்ணுக்குள் போயின. ஜெர்மனியின் வீஸ்பாடனில் செயற்கைக் கண் ஊதித் தயாரிக்கும் ம்யூல்லர் குடும்பத்தார் 1887-இல், புற்றுநோயால் இமையை இழந்த ஒருவரின் கண் காயாமல் இருக்க மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். அவர் அதைச் சுமார் இருபது ஆண்டுகள் அணிந்தார். 1888-இல் சூரிச்சில் அடால்ஃப் ஓய்கன் ஃபிக் பார்வையைத் திருத்துவதற்கென்றே ஓடு செய்தார். முதலில் முயலுக்கு, பிறகு தனக்கு, பிறகு சிலருக்கு. ஓட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே திராட்சைச் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். அதே ஆண்டு பாரிஸில் ஓஷேன் கால்ட், கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய்க்கு ஓடு பொருத்திப் பார்த்தார். மறு ஆண்டு கீல் நகரில் ஆகஸ்ட் ம்யூல்லர் என்ற மருத்துவ மாணவர், தன்னுடைய மைனஸ் 14 கிட்டப்பார்வைக்குத் தானே லென்ஸ் செய்து, அதையே ஆய்வேடாகவும் எழுதினார். கோக்கேன் விட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. இந்த நான்கில் ஃபிக்கின் கட்டுரைதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. சில மணி நேரத்தில் கருவிழி மங்கிப் புகைமூட்டமாவதை அவர் பார்த்தார், மறைக்காமல் எழுதினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகள் இந்த மூட்டத்துக்குக் காரணம் தேடியவர்கள் ஓட்டின் அழுத்தத்தையும், உள்ளே நிரப்பும் கரைசலின் உப்பையும், காரத்தன்மையையும் சந்தேகித்தார்கள். பலவிதக் கரைசல்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். காற்றைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பொருளின் ஊடே வாயு எந்த வேகத்தில் ஊடுருவும் என்பதற்கான விதியை 1855-இல் வகுத்தவர் இந்த ஃபிக்கின் சொந்தச் சித்தப்பா அடால்ஃப் ஃபிக். லென்ஸின் தலைவிதியை எழுதிய சமன்பாடு அந்த வீட்டிலேயே இருந்தது.

இதற்கடுத்த ஐம்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். புடாபெஸ்ட்டில் யோசெஃப் டாலோஷ், உயிருள்ள கண்ணிலேயே அச்சு எடுத்து அதன்படி கண்ணாடி ஓட்டை வடிவமைத்தார். 1937-இல் லண்டனுக்குப் போனார். 1930-களின் கடைசியில் அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. கண்ணாடியை விட எடை குறைவு, கண்ணுக்குள் உடையும் பயமில்லை, கடைசல் இயந்திரத்தில் கடையலாம். 1948-இல் லாஸ் ஏஞ்சலஸில் கெவின் டூயி, வெள்ளைவிழியைத் தொடாமல் கருவிழியின் மேல் மட்டும் நிற்கும் சிறு லென்ஸுக்குக் காப்புரிமை கேட்டார். கடையும்போது பெரிய லென்ஸின் ஓரம் உடைந்துபோக, மிஞ்சிய நடுத்துண்டைப் போட்டுப் பார்த்ததில் இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். எப்படிப் பிறந்திருந்தாலும் இதன் வெற்றிக்குக் காரணம் உண்டு. அக்ரிலிக் வழியாக ஆக்ஸிஜன் அறவே போகாது; ஆனால் ஒவ்வொரு இமைப்பிலும் இந்தச் சிறு லென்ஸ் மேலும் கீழும் நகரும், அந்த நகர்வில் அடியிலுள்ள பழைய கண்ணீர் வெளியேறிப் புதுக் கண்ணீர் உள்ளே வரும். கண்ணீரோடு காற்றும் வரும். இதை டூயி திட்டமிட்டுச் செய்யவில்லை. காரணம் தெரிந்தது 1952-இல். நியூயார்க்கில் ஜார்ஜ் ஸ்மெல்சரும் ஒஸானிக்ஸும், கண்ணைக் காற்றுப் புகாமல் மூடும் கவசத்துக்குள் ஈரமான நைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார்கள். லென்ஸே இல்லை, ஆனாலும் கருவிழி மங்கியது. பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக ரத்தக்குழாயே இல்லாமல் அமைந்த திசு அது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஃபிக் கண்ட மூட்டத்துக்கு அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழும். வரலாற்றைத் திருப்பியவர் ப்ராகில் இருந்த ஓட்டோ விக்டர்லே என்ற வேதியியலாளர். அவருக்கு ஆக்ஸிஜன் கவலையே கிடையாது. ஆகவே இது பொருளின் வரலாறே ஒழியக் கருவிழியின் வரலாறு ஆகாது என்று சொல்லலாம். விக்டர்லேயின் கதை உள்ளத்தைத் தொடும் கதைதான். நாஜிகள் காலத்தில் சிறை, 1958-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கல்லூரிப் பதவி பறிப்பு. உடல் திசு வெறுக்காத பிளாஸ்டிக் வேண்டும் என்று தேடி அவரும் த்ரஹொஸ்லாவ் லீமும் கண்ட, தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் கூழ்மத்தைப் பற்றி 1960-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். லென்ஸ் ஆராய்ச்சிக்கு அரசு ஆதரவு நின்றுபோனபோது, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் கோத்து விளையாடும் மெர்க்கூர் இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் சேர்த்து ஒரு சுழல் இயந்திரம் செய்து நான்கு லென்ஸ் வார்த்தெடுத்தார். அடுத்த நான்கு மாதங்களில் அவரும் மனைவியும் 5,500 லென்ஸ்கள் செய்தார்கள். உரிமை அமெரிக்காவுக்குப் போனது; 1971-இல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இத்தனையும் உண்மை. ஆனால் சாஃப்ட் லென்ஸ் வந்தபின் நடந்ததைப் பார்த்தால் மறுப்பு நிற்பதில்லை. அந்தக் கூழ்மத்தில் நீர் 38 விழுக்காடு. ஆக்ஸிஜன் அந்த நீரில் கரைந்துதான் கடக்க வேண்டும், அதனால் கடப்பது கொஞ்சமே. அதோடு, மெத்தென்று கண்ணோடு படிந்துவிடும் லென்ஸ் அதிகம் நகராது. அடியில் கண்ணீர் மாறுவதும் மிகக் குறைவு. அக்ரிலிக்கில் கடைந்த ஹார்டு லென்ஸ் கண்ணை உறுத்தியது, ஆனால் இமைக்கும்தோறும் காற்றை உள்ளே விட்டது. சாஃப்ட் லென்ஸ் உறுத்தவில்லை. கருவிழி பட்ட தவிப்பும் அணிந்தவருக்குத் தெரியவில்லை. வலி என்பது கண் கொடுக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத் தணித்ததையே முன்னேற்றம் என்று கொண்டாடியதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது.

பிழை வெளிப்படப் பத்தாண்டுகள் போதுமாயின. 1981-இல் அமெரிக்காவில், முப்பது நாள் வரை கழற்றாமல் தூங்கி எழலாம் என்று சாஃப்ட் லென்ஸுக்கு அனுமதி தந்தார்கள். இமை மூடியிருக்கும்போது கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. அதன் மேல் ஒரு லென்ஸும் என்றால் என்ன ஆகும்? 1984-இல் ஆஸ்திரேலியாவில் பிரயன் ஹோல்டனும் ஜார்ஜ் மெர்ட்ஸும் கணக்கிட்டுச் சொன்னார்கள்: பகலில் மட்டும் அணியும் லென்ஸுக்கு ஆக்ஸிஜன் கடத்துதிறன் 24 அலகு வேண்டும், இரவிலும் அணிய 87 வேண்டும். அன்று சந்தையில் இருந்த நீர்க்கூழ்ம லென்ஸ் எதுவும் இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1989-இல் வெளிவந்த ஆய்வில், தூங்கும்போதும் அணிய விற்கப்பட்ட லென்ஸ்காரர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 20.9 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானதும், பகலில் மட்டும் அணியும் சாஃப்ட் லென்ஸ்காரர்களில் அது 4.1 என்பதும் தெரிந்தன. அதே ஆண்டு முப்பது நாள் ஏழு நாளாகச் சுருங்கியது.

அடுத்த மறுப்பு என் வாதத்தையே திருத்தச் செய்கிறது. பிரச்சினை ஆக்ஸிஜன்தான் என்றால், 1990-களின் இறுதியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் அதைத் தீர்த்திருக்க வேண்டுமே? சிலிக்கோன் வழியாக ஆக்ஸிஜன் தாராளமாகப் போகும். 87-ஐத் தாண்டியும் போயிற்று. கருவிழி வீங்குவதும், ஓரத்தில் ரத்தக்குழாய்கள் சிவந்து ஊர்ந்து வருவதும் வெகுவாகக் குறைந்தன. தொற்று மட்டும் குறையவில்லை. 2008-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இரவிலும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் அணிந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 25.4 பேருக்குத் தொற்று. தினமும் போட்டு எறியும் லென்ஸில் 2.0; பழைய அக்ரிலிக்கைப் போலன்றி ஆக்ஸிஜன் கடத்தும் கெட்டி லென்ஸில் 1.2. ஆகவே கருவிழியின் நிபந்தனையைக் காற்று என்று மட்டும் சொல்வது போதாது. கண்ணீர் ஓட வேண்டும், கழுவ வேண்டும், இரவில் லென்ஸ் இல்லாமல் ஓய்வு வேண்டும்; அணிபவரின் கையும் டப்பாவும் கரைசலும் சுத்தமாக இருக்க வேண்டும். 2005-06-இல் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃப்யுஸேரியம் பூஞ்சைத் தொற்று பரவியபோது, கழுவும் கரைசல் ஒன்றோடு அது தொடர்புபட்டிருந்தது தெரிந்தது. அந்தக் கரைசல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தப் பூஞ்சை நம் ஊருக்குப் புதிதல்ல. வயலில் நெல் தாளோ சுள்ளியோ கண்ணில் பட்டு மதுரைக் கண் மருத்துவமனைக்கு வரும் உழவர்களின் கருவிழிப் புண்ணில் மருத்துவர்கள் காலங்காலமாகக் காணும் பூஞ்சை அதுவே. நெல் தாள் திறந்த வாசலை, சிங்கப்பூர் அலுவலகங்களில் ஒரு லென்ஸ் திறந்துவிட்டது.

புதிதாக லென்ஸ் போட வருகிறவருக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு, கண் மருத்துவர் சொல்வதைக் கேட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டியது அவர் சொல்லைத்தான். ஆனால் கடையில் முதலில் எழும் கேள்வி ‘எது உறுத்தாது?’ என்பதாக இருப்பதால்தான் வரலாறு தேவைப்படுகிறது. அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் சாஃப்ட் லென்ஸ். அது 1971-இலேயே கிடைத்த விடை. கருவிழியின் வளைவு என்ன, கண்ணீர் போதுமா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், தூங்கும் முன் தவறாமல் கழற்றுவாரா, தினமும் தேய்த்துக் கழுவ மனமும் நேரமும் உண்டா என்பவை அதற்குப் பின் வந்த தோல்விகளிலிருந்து பிறந்த கேள்விகள். சாதாரணக் கிட்டப்பார்வைக்கு, கழுவும் பழக்கம் வராதவருக்கும் வாரத்தில் சில நாள் மட்டும் அணிபவருக்கும், தினம் ஒன்றாக எறியும் லென்ஸ் பொருந்தும். 1990-களின் நடுவில் அது சந்தைக்கு வந்ததன் நியாயமே, மனிதர்கள் ஒழுங்காகக் கழுவ மாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. மாத லென்ஸ் செலவில் மலிவு. அந்த மலிவுக்கு விலையாக ஒவ்வொரு இரவும் புதுக் கரைசலும் சுத்தமான டப்பாவும் கேட்கும். குழாய்த் தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்னக்கூடியது என்பதால், தண்ணீரில் கழுவுவதும் லென்ஸோடு குளிப்பதும் எந்த வகைக்கும் ஆகாது. நம் கண்ணாடிக் கடைகளில் செமி சாஃப்ட் என்று அழைக்கப்படும் கெட்டி லென்ஸைப் பழக்கிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். முதல் சில நாள் உறுத்தலில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் கண்ணீர் மாறுவது, பார்வைத் தெளிவு, தொற்றுக் கணக்கு என்று எதை எடுத்தாலும் அதற்கு இன்று கிடைப்பதைவிட அதிக மதிப்புக் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு வகை திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். ஃபிக்கும் கால்ட்டும் செய்த, வெள்ளைவிழியில் தங்கி நிற்கும் பெரிய ஓடு, டூயியின் சிறு லென்ஸுக்குப் பின் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. 1983-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் டான் எஸிகியல் அதையே ஆக்ஸிஜன் கடத்தும் பிளாஸ்டிக்கில் செய்தார். ஸ்கிலீரல் லென்ஸ் என்ற பெயரில் இன்று அது கூம்புக் கருவிழி உள்ளவர்களுக்கும் கண் வறண்டுபோனவர்களுக்கும் கைகொடுக்கிறது. அணியும் முறையும் பழையதுதான். லென்ஸைக் கிண்ணம்போல் நிமிர்த்திப் பிடித்து விளிம்பு வரை உப்புக்கரைசல் ஊற்றி, மேசையின் மேல் முகத்தைக் குப்புறக் கவிழ்த்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூடப் புகாமல் கண்ணை அதற்குள் இறக்க வேண்டும். கருவிழியின் கோணலையெல்லாம் அந்த நீர் நிரப்பிவிடுகிறது. ஹெர்ஷல் கூழை வைத்து நிரப்பச் சொன்ன அதே இடத்தை.