கௌராங்கா: ஒரு திருப்பெயர் பரிசுப்புள்ளியான கதை

1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் கணினி விளையாட்டில், காவியுடை அணிந்த ஹரே கிருஷ்ணா அடியார்கள் வரிசையாகத் தெருவில் நடந்து செல்வர். ஒருவர்கூடத் தப்பாமல் அவ்வரிசை முழுவதையும் காரால் ஒரே ஓட்டத்தில் நசுக்கினால், திரையில் 'கௌராங்கா' என்ற சொல் பெரிதாக எழும், புள்ளிகள் குவியும். வங்கத்து வைணவ ஞானி சைதன்யரின் (1486–1534) திருப்பெயர்களுள் ஒன்று அது.

இவ்விளையாட்டை உருவாக்கியது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய டி.எம்.ஏ. டிசைன் நிறுவனம். 1995இல் அவர்கள் வகுத்த திட்டத்துக்கு 'ரேஸ் அண்ட் சேஸ்' என்று பெயர். நம்மூர்க் கள்ளன்-போலீஸ் ஆட்டமேதான். போலீசாக ஆடுவது சுவைக்கவில்லை. சிவப்பு விளக்கில் நிற்பதற்கும் பாதசாரிகளுக்கு ஒதுங்குவதற்கும் எவர் விளையாட வருவார்? கள்ளன் பக்கமே நிலைத்தது. அதன்பின் நிரலில் நேர்ந்த ஒரு பிழையால், போலீஸ் கார்கள் ஆட்டக்காரரின் காரை மறிப்பதற்கு மாறாக அதனூடே புகுந்து செல்ல முயன்று வெறிகொண்டு மோதின. சோதித்தவர்கள் அதை மிகவும் ரசித்தனர். பிழை திருத்தப்படவில்லை, ஆட்டத்தின் உயிராயிற்று.

வெளியீட்டுக்கு முன்பே, 1997 மே மாதத்தில், பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையில் இவ்விளையாட்டைக் குறித்துக் கேள்வி எழுந்தது. விளம்பரத்துக்கு அமர்த்தப்பட்ட மாக்ஸ் கிளிஃபர்ட் கண்டனங்களைத் திட்டமிட்டே தூண்டினார் என்பதைப் பின்னாளில் உருவாக்குநர்களே கூறியுள்ளனர். கார்த் திருட்டைப் பற்றி அத்தனை கூச்சல். அடியார் வரிசைக்கு அதில் பெரிய இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கௌர என்றால் பொன்னிறம். அங்க என்றால் உடல் உறுப்பு. பொன்மேனியர் என்பது பொருள். கௌரி என்ற பெயரும் இவ்வேரினதே. ஆங்கிலத்தில் 'ஏ-யூ' வராமல் 'ஓ-யூ' எனச் சொல் எழுதப்படுவது வங்க ஒலிப்பின் சுவடு. தமிழ்க் காதுக்கோ 'கௌராங்கா' ஒரு விளி. யாரோ யாரையோ அழைப்பதுபோல் ஒலிக்கும். 1990களில் பிரிட்டனின் நெடுஞ்சாலை மேம்பாலங்களில் அச்சொல் வண்ணத்தால் எழுதப்பட்டிருந்தது. பெயரைச் சொன்னாலே நன்மை என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. பொருளறியாது படித்துக் கடந்தனர் வாகனமோட்டிகள். சாலையில் காணும் சொல் சாலை விளையாட்டுக்குள் புகுந்ததில் வியப்பில்லை. கொலைக்குப் பரிசாகப் புகுந்ததுதான் உறுத்துகிறது. வானிலிருந்து நோக்கும் காட்சிக்கோணமும் அதற்குத் துணைநின்றது. அங்கு மனிதர் சில புள்ளிகள் மட்டுமே, முகமில்லை.

1999இல் வந்த இரண்டாம் பாகத்தில் 'கிருஷ்ணா' ஒரு குற்றக்கும்பலாயிற்று. ரஷ்ய மாஃபியாவுக்கு நிகராக அதற்கும் தனி மதிப்பளவு உண்டு. அப்பாகத்தில் குறுக்குவழிச் சலுகைகளைத் திறக்க, ஆட்டக்காரர் தம் பெயராகக் 'கௌராங்கா' என்றே எழுத வேண்டும். நாமத்தை உச்சரித்தால் கதவு திறக்கும் என்ற பக்தி மரபின் நம்பிக்கை, அறிந்தோ அறியாமலோ, இங்கே கடவுச்சொல்லாக உருமாறியிருக்கிறது.

2001இல் வந்த மூன்றாம் பாகத்தில் காட்சி முப்பரிமாணமாகித் தரைக்கு இறங்கியது. வழிப்போக்கருக்கு முகம் வந்தது, குரல் வந்தது. காவி வரிசை அத்தெருக்களில் இல்லை.