கண்ணாடி வீட்டு வாழை

வாழை மரத்தை வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள் என்று சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். நமக்கு வாழை கொல்லைப்புறத்துச் சமாசாரம். கிணற்றடியிலிருந்து ஓடி வரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அது தன் பாட்டுக்கு வளரும்; ஒருநாள் குலை தள்ளும். தாரை வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கக் கன்றை விட்டுவைப்போம். கல்யாணம் என்றால் மட்டும் வாழைக்கு வாசல் வரையில் வர உரிமை உண்டு. அப்போதும் வாசலோடு சரி, உள்ளே அழைப்பில்லை.

ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வாழைக்குக் கண்ணாடியால் மாளிகை கட்டிக் கொடுத்தார்கள். இரவும் பகலும் நெருப்பு மூட்டிக் குளிர் அண்டாமல் காத்தார்கள். அது பூத்தபோது அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். பிரபுக்களின் பொழுதுபோக்கோடு அந்தக் கதை முடிந்திருந்தால் அதை இங்கே எடுத்துச் சொல்ல அவசியமில்லை. இன்று கப்பலேறிக் கடல் கடந்து விற்கும் வாழைப்பழம் அநேகமாக எல்லாமே அப்படி ஒரு கண்ணாடி வீட்டுச் சொந்தக்காரரின் பெயரைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஹாலந்துக்குப் போவோம். ஹார்லெம் நகருக்கும் லெய்டன் நகருக்கும் நடுவே ஹார்ட்டேகாம்ப் என்று ஒரு தோட்ட மாளிகை. அதன் சொந்தக்காரர் ஜார்ஜ் கிளிஃபர்ட், லேவாதேவியில் பெரும் பணம் சேர்த்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். நாலு கண்டத்துச் செடிகளும் அவருடைய கண்ணாடிக் கூடங்களில் குடியிருந்தன. 1735-ல் அங்கே வந்து சேர்ந்தார் இருபத்தெட்டு வயது ஸ்வீடன் இளைஞர் ஒருவர். அவர்தான் பின்னாளில் செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிப் புகழ்பெற்ற லின்னேயஸ்.

கிளிஃபர்டிடம் வாழை இருந்தது; பூ மட்டும் இல்லை. அந்நாளில் ஐரோப்பாவில் வாழை பூப்பது அவ்வளவு அபூர்வம். லின்னேயஸ் வாழையின் சொந்த ஊரை நினைத்துப் பார்த்தார். அங்கே கோடை உண்டு. கோடைக்குப் பின் பெருமழை உண்டு. நல்ல மண்ணில் நட்டுச் சில வாரங்கள் தண்ணீரே காட்டாமல் வாட்டினார். பிறகு மழை கொட்டுவதுபோல் தண்ணீர் விட்டார். 1736-ன் தொடக்கத்தில் வாழை குலை தள்ளியது! அந்த ஆண்டிலேயே அதைப் பற்றிய புத்தகமும் வெளியாயிற்று. ஏதேன் தோட்டத்தில் விலக்கப்பட்ட கனி வாழைப்பழமாக இருக்கலாம் என்பது லின்னேயஸின் எண்ணம். 1753-ல் வாழைக்கு அவர் இட்ட லத்தீன் பெயரிலும் சொர்க்கத்தைச் சேர்த்துவிட்டார்.

அடுத்த நூற்றாண்டில் காட்சி இங்கிலாந்துக்கு மாறுகிறது. டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகை. டெவன்ஷயரின் ஆறாவது பிரபு வில்லியம் கேவண்டிஷ் அதன் அதிபதி. அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், ஒரு குடியானவரின் பிள்ளை. 1826-ல் அந்த வேலைக்கு வந்தபோது வயது இருபத்து மூன்றுகூட நிரம்பவில்லை. சீனாவிலிருந்து மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்த குட்டை ஜாதி வாழை ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. 1835 நவம்பரில் அது பூ விட்டது. மறு வருஷம் மே மாதத்துக்குள் நூறு பழங்களுக்கு மேல். தோட்டக்கலைச் சங்கத்தார் பதக்கம் கொடுத்தார்கள். வளர்த்தவர் பாக்ஸ்டன், ஆனால் பழத்துக்குப் பெயர் கேவண்டிஷ். உலக வழக்கம் அதுதானே!

பாக்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. 277 அடி நீளமும் 123 அடி அகலமுமாக ஒரு மகா கண்ணாடிக் கூடத்தை எழுப்பினார். 1840 வாக்கில் அது முடிந்தது. உள்ளே வெப்பம் குறையாமலிருக்க எட்டுக் கொதிகலன்கள். புகையும் கரியும் விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாதென்று, நிலக்கரியைச் சுரங்கப் பாதையில் தண்டவாளம் போட்டுக் கொண்டுவந்தார்கள். 1843-ல் விக்டோரியா ராணி அந்தக் கூடத்துக்குள் குதிரை வண்டியிலேயே பவனி வந்தார். மேலே ராணி, தரைக்கு அடியில் கரி தள்ளும் கூலியாட்கள். அவர்களுடைய பெயரை எந்தச் செடிக்கும் வைக்கவில்லை.

முதல் உலக யுத்தம் வந்தது. நிலக்கரியும் இல்லை, கரி தள்ள ஆளும் இல்லை. உள்ளே இருந்த செடிகள் குளிரில் விறைத்துச் செத்தன. 1920-ல் வெடி வைத்துக் கூடத்தையே தகர்த்தார்கள்.

கூடம் போயிற்று, கன்று போகவில்லை. ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் 1838-ல் தென்கடல் தீவுகளுக்குப் புறப்பட்டபோது சாட்ஸ்வொர்த்திலிருந்து வாழைக் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். மறு வருஷமே எர்ரொமாங்கா தீவில் அவர் கொலையுண்டார். ஆனால் சமோவாவில் வேர் பிடித்த வாழை டோங்காவுக்கும் பிஜிக்கும் பரவியது. நம் நாட்டிலும் இந்தக் குட்டை வாழை உண்டு. மோரிஸ் பழம் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரில் ஒலிப்பது மொரீஷியஸ்தான்.

அந்த நாளில் உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்தது கேவண்டிஷ் அல்ல, குரோ மிஷேல் என்ற வேறொரு ஜாதி. மண்ணில் வாழும் ஒரு காளான் அதன் வேரில் புகுந்தது. பனாமா வாடல் நோய் என்று அதற்குப் பெயர். 1960-களுக்குள் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் குரோ மிஷேலை நம்பிப் பயனில்லை என்றாயிற்று. அந்த நோய் தொடாத கேவண்டிஷை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நம் பழைய ஆசீர்வாதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். அழகான வாழ்த்து. ஆனால் அதற்குள் ஒரு அபாயமும் ஒளிந்திருக்கிறது. நாம் உண்ணும் வாழைக்கு விதை இல்லை. தாயின் அடியிலிருந்து வரும் கன்று, தாயின் அச்சு. தாயைக் கொல்லும் நோய் கன்றையும் கொல்லும். அண்டை வயலையும் கொல்லும். அக்கரைச் சீமையையும் கொல்லும். அதே காளானின் புது வகை ஒன்று இப்போது கேவண்டிஷையே வாட்டுகிறது. ஆசியாவில் பரவிய அது 2019-ல் கொலம்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்றும் குளிர் தேசங்களில் குட்டை வாழையைத் தொட்டியில் நட்டு, ஜன்னலோரம் வைத்து, இலையைத் துடைத்துத் துடைத்துக் குழந்தைபோல் வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒரு மரம் நிற்க எத்தனை நெருப்பும் நீரும் உழைப்பும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கு அது சும்மா கிடைத்துவிட்டது.

பூவன், ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன், கற்பூரவள்ளி, மலைவாழை என்று எத்தனை ஜாதிகள் நம்மிடம்! ரஸ்தாளியையும் வாடல் நோய் விட்டுவைக்கவில்லைதான். ஆனால் ஒன்று வாடினால் இன்னொன்று நிற்கும். அதுதான் நம் கொல்லைப்புறத்தின் செல்வம். வாழையடி வாழை வரட்டும். ஆனால் ஒரே வாழையின் அடியிலிருந்து மட்டும் வர வேண்டாம்.