காணாமல் போன 69 ஜி.பி.

அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ஒரு டெராபைட் என்று போட்டிருக்கிறது. பில்லிலும் அதே. வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் செருகினால், 931 ஜி.பி.தான் என்கிறது விண்டோஸ். மீதி 69 எங்கே போச்சு? கடைக்காரர் அடித்துவிட்டாரா? கம்பெனியின் தில்லுமுல்லா? அல்லது டிஸ்க்கே கோளாறா?

மூன்றும் இல்லை. இது ஒரு பழைய பங்காளித் தகராறு.

1956-ல் அமெரிக்காவின் ஐபிஎம் கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிமுகப்படுத்தியது. சான் ஹோசே நகரத்துத் தயாரிப்பு. அது இருந்த கம்ப்யூட்டரின் பெயர் ராமாக். இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. இவ்வளவு பெரிய ராட்சசன் மொத்தமாகப் பிடித்து வைத்தது 50 லட்சம் எழுத்துகள். உங்கள் செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவுக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு செக்டருக்கு 100 எழுத்து, மொத்தம் 50 ஆயிரம் செக்டர். ஆக, டிஸ்க்காரர்கள் பிறந்த நாளிலிருந்தே நம்மைப்போல பத்து, நூறு, ஆயிரம் என்றுதான் எண்ணினார்கள்.

பங்காளி வீட்டில் கணக்கு வேறு. மெமரி சிப்புக்குள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு விலாசம் உண்டு. விலாசம் போய்ச் சேர கம்பிகள். ஒரு கம்பி இருந்தால் இரண்டு அறை, இரண்டு கம்பிக்கு நாலு, மூன்றுக்கு எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்துக் கம்பிக்கு 1024 அறை. ஒவ்வொரு தடவையும் 1024 என்று சொல்ல யாருக்குப் பொறுமை? ஆயிரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று, அதையும் ‘கிலோ’ என்றே சொல்லிவிட்டார்கள்.

வெறும் 24 வித்தியாசம். யார் சண்டைக்குப் போவார்கள்? ஆனால் இது வட்டிக்கு வட்டி மாதிரி. கிலோவில் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. மெகாவில் கிட்டத்தட்ட ஐந்து. ஜிகாவில் ஏழுக்கு மேல். டெராவில் பத்து! டிஸ்க் பெருக்கப் பெருக்க, துண்டு விழுவதும் பெருத்தது.

டிஸ்க் கம்பெனி ஒரு லட்சம் கோடி பைட்டை நியாயமாகத்தான் அளந்து கொடுக்கிறது. அதை 1024-ஆல் மூன்று தடவை வகுத்துப் பாருங்கள், 931 வரும். விண்டோஸ் செய்வது அதைத்தான். அளந்து போட்டவர் படி வேறு, அளந்து வாங்கியவர் படி வேறு. நெல் ஒரு மணிகூடக் குறையவில்லை.

பஞ்சாயத்து நடக்காமலும் இல்லை. 1998-ல் ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பு, 1024 கணக்குக்கு கிபி, மெபி, கிபி என்று தனிப் பெயர்களே சூட்டியது. அதாவது தமிழில் எழுதினால் முதலும் மூன்றும் ஒன்றேதான்! பேச்சு வழக்கில் யாரும் சீந்தவில்லை. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும், சீகேட் 2007-லும், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டன. 2009-ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களை ஆயிரம் கணக்குக்கு மாற்றியது. விண்டோஸ் மட்டும் இன்னும் 1024-ஐ விடவில்லை.

சரி, இது சாது ரகம். காசு போனதாகத் தோன்றும், போயிருக்காது. அடுத்தது அப்படியல்ல. அதில் உங்கள் கல்யாண ஆல்பமே போய்விடலாம்.

3 டெராபைட் டிஸ்க் வெறும் 746 ஜி.பி. என்று காட்டும். இதற்கு விதை 1983-ல் போடப்பட்டது. அந்த வருஷம் ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர், 10 மெகாபைட் டிஸ்க்கோடு வந்தது. டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறோம் என்று குறித்து வைக்க, டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு சின்ன அட்டவணை. எம்.பி.ஆர். என்று பெயர். அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். சுமார் 429 கோடி வரை எண்ணலாம். செக்டருக்கு 512 பைட் வீதம் 2.2 டெராபைட். கையில் இருந்த டிஸ்க்கைப்போல 2 லட்சத்து 20 ஆயிரம் மடங்கு! தாராளம் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

2010-ல் 3 டெராபைட் டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. தாராளம் தீர்ந்துபோனது. 99,999-ஐத் தாண்டியதும் பழைய கார் மீட்டர் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அதுபோல 2.2-ஐத் தாண்டிய மிச்சத்தை மட்டும் காட்டின, 32 பிட்டில் எண்ணும் பழைய இணைப்புப் பெட்டிகள். அந்த மிச்சம்தான் விண்டோஸ் கணக்கில் 746.

அந்நாளில் வீட்டுக்கு வீடு இருந்த விண்டோஸ் எக்ஸ்பியைச் சமாளிக்க, சில வெளி டிஸ்க்குகளின் பெட்டி, செக்டர் அளவு 512 அல்ல, 4096 என்று கம்ப்யூட்டரிடம் சொன்னது. அட்டவணை எட்டு மடங்கு எட்டியது. பெட்டி பழுதாகி, டிஸ்க்கை மட்டும் கழற்றி நேரடியாக மாட்டினால் வந்தது வம்பு. பொய் சொன்ன பெட்டி இல்லை. அளவு கன்னாபின்னாவென்று தெரியும். ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்கும்.

அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தகவல் உள்ளே பத்திரமாக இருக்கக்கூடும். சரி என்று அழுத்தினால்தான் ஆபத்து. முன்பு வேலை செய்த அதே வகைப் பெட்டியில், வேறு கேபிளில், வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். தெரிந்தால் முதல் வேலை நகல் எடுப்பது. அதற்கப்புறம், 64 பிட்டில் எண்ணும் ஜி.பி.டி. அட்டவணைக்கு மாறலாம்.

நிஜமான மோசடியும் ஒன்று உண்டு. அதில் அளவு குறையாது, கூடும்! அடிமாட்டு விலைக்கு 16 டெராபைட் என்பார்கள். கம்ப்யூட்டரும் ஆமாம் என்று தலையாட்டும். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டு. நிரம்பியபின் போடுவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். வாங்கியவுடன் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு உடையும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது.

ஆகவே, குறைத்துக் காட்டும் டிஸ்க்கைக் கண்டு பதற வேண்டாம். கூட்டிக் காட்டுகிறதே, அதைப் பார்த்துப் பயப்படுங்கள்.