சாவியும் பிரதியும்

செயலி கட்டித்தரும் தளங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. என்ன வேண்டும் என்று நாலு வரியில் சொன்னால் போதும். திரை, பொத்தான், தரவுத்தளம் எல்லாவற்றையும் அதுவே செய்து கொடுத்துவிடுகிறது. அந்தத் தளங்களில் பலவற்றில் ஓரமாக ஒரு பொத்தான் இருக்கும்: ‘கிட்ஹப்புடன் இணை’. அழுத்தினால் இன்னொரு பக்கம் திறந்து சில அனுமதிகள் கேட்கும். சரி என்றால் அவ்வளவுதான், வேலை முடிந்தது. நிரல் எழுதத் தெரியாத நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “இதை அழுத்தணுமா, வேண்டாமா?” என்பதுதான். அழுத்தணும். ஆனால் அதில் எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் 1972-லேயே வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் அது. பிறகு வந்து பரவிய சிவிஎஸ், 2000-இல் தொடங்கிய சப்வெர்ஷன் இரண்டுக்கும் ஒரே அமைப்புதான். வரலாறு முழுக்க ஒரு மையக் கணினியில் இருக்கும். நம் கையில் இருப்பது இன்றைய நகல் மட்டும். மையம் படுத்துவிட்டால் நேற்று என்ன மாற்றினோம் என்றுகூடப் பார்க்க முடியாது.

லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இந்த அமைப்பே பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் மின்னஞ்சலில் வரும் மாற்றங்களை அவரே வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். 2002-இல் லாரி மெக்வாயின் நிறுவனம் உருவாக்கிய பிட்கீப்பருக்கு மாறினார். அதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதி இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்தான், ஆனால் திறமூலக்காரர்களுக்கு இலவசம். ஒரு நிபந்தனை: அதற்குப் போட்டியான கருவி எதிலும் வேலை செய்யக் கூடாது.

அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். 2005-இல் அது வெடித்தது. சாம்பாவை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய ஒரு சிறு நிரலை எழுத ஆரம்பித்தார். சர்வருடன் தொடர்பு ஏற்படுத்தி ‘ஹெல்ப்’ என்று தட்டினால் அதுவே கட்டளைகளைப் பட்டியல் போட்டுக் காட்டியது என்பதைப் பிறகு ஒரு மாநாட்டு மேடையில் செய்தே காட்டினார். மெக்வாய் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றார். கர்னல்காரர்களிடம் பிரதி இருந்தது. அதைத் திறக்கும் சாவி வேறொருவரிடம் இருந்தது.

டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ஆம் தேதி புதுக் கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி அந்தக் கருவி தன் நிரலையே தனக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதுதான் கிட். 16-ஆம் தேதி லினக்ஸ் கர்னல் அதற்குள் குடிவந்தது. ஆனால் பழைய வரலாறு கூட வரவில்லை. முழு வரலாறும் கையில் இருக்கிறது, இப்போதைக்கு அதைச் சேர்க்கவில்லை என்று அந்த முதல் கமிட்டிலேயே எழுதிவைத்தார். இன்றும் கர்னலின் பிரதான ரெப்போவில் பின்னோக்கிப் போனால் 2.6.12-இன் ஒரு சோதனைப் பதிப்போடு பாதை நின்றுவிடுகிறது. வீடு மாறியதன் தழும்பு அது.

கிட்டில் மையம் என்று ஒன்று தேவையே இல்லை. குளோன் எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். கருவியும் திறமூலம்தான், உரிமத்தைக் காட்டி யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு நாம் என்ன பண்ணினோம்? 2008-இல் கிட்ஹப் திறந்ததும் எல்லோரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனோம். அதில் தப்பு சொல்ல முடியாது. அடுத்தவர் நிரலைப் பார்க்க, திருத்தம் அனுப்ப, விவாதிக்க அவ்வளவு வசதி. அதே காலத்தில் ஹெரோகு இன்னொன்றைப் பழக்கியது: கிட் புஷ் என்று தட்டினால் செயலி இணையத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நிரல் இருக்கும் இடத்தையும் செயலி ஓடும் இடத்தையும் ஒரே கயிற்றில் கட்டும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. இன்றைய இணைப்புப் பொத்தான் அதன் வாரிசு.

அந்தக் கயிறு எதனால் ஆனது என்பது 2022 ஏப்ரலில் ஊருக்கே தெரிந்தது. பொத்தானை அழுத்தும்போது நம் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுப்பதில்லை. கிட்ஹப் அந்தத் தளத்துக்கு டோக்கன் என்று ஒரு மாற்றுச்சாவி கொடுக்கிறது. ஹெரோகுவுக்கும் டிராவிஸ் சிஐக்கும் கொடுக்கப்பட்டிருந்த அப்படிப்பட்ட சாவிகள் திருடுபோயின. அவற்றை வைத்துப் பல நிறுவனங்களின் தனிப்பட்ட ரெப்போக்களை யாரோ இறக்கிக்கொண்டார்கள். கிட்ஹப்பின் பூட்டு உடையவில்லை. சரியான சாவி போட்டுத்தான் திறந்தார்கள். ஹெரோகு இணைப்பையே சில வாரங்கள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்காரரே கதவைச் சாத்திய கதைகளும் உண்டு. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டங்களைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியா பயனர்களின் தனிப்பட்ட ரெப்போக்களை கிட்ஹப் முடக்கியது. ஈரானியர்களுக்கு முழுச் சேவை திரும்பியது 2021 ஜனவரியில், அமெரிக்க அரசின் அனுமதி வாங்கிய பிறகு. கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. தன் கணினியில் குளோன் வைத்திருந்தவருக்கு இவை சங்கடங்கள்தான், ஆனால் நிரல் போகவில்லை. வைத்திராதவரின் நிலை வேறு.

அப்படியிருந்தும் நண்பர்களை நான் அழுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணைக்காத வரை உங்கள் செயலியின் நிரல் அந்தக் கட்டுமானத் தளத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது நாளை விலையை ஏற்றலாம், மூடிக்கொண்டும் போகலாம். இணைத்தால் இரண்டாவது பிரதி கிடைக்கும். ஆனால் அதுவும் இன்னொருவர் வீட்டில்தான்.

அனுமதிப் பக்கத்தை அவசரப்படாமல் படியுங்கள். எல்லா ரெப்போக்களுக்குமா, இந்த ஒன்றுக்கு மட்டுமா என்று கேட்டால் ஒன்றை மட்டும் கொடுங்கள். பயன்பாடு முடிந்தால் அமைப்புகளுக்குள் போய்ச் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். இணைத்த அன்றே உங்கள் கணினியில் ஒரு குளோன் எடுங்கள், அவ்வப்போது புதுப்பியுங்கள். நிரலும் அதன் மாற்ற வரலாறும் மட்டுமே அதில் வரும். செயலியில் பயனர்கள் சேர்த்த தரவு வராது, கிட்ஹப்பில் நடந்த விவாதங்களும் வராது. அவற்றைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாவது பிரதியான அந்தக் குளோனுக்கு யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. கிட் உருவானதே அதற்காகத்தான்.