காவிரிக் கரையும் சூரியகாந்தக் கல்லும்

கதிரவனின் வெப்பத்தை ஒரு புள்ளியில் குவித்துத் தீ உண்டாக்கும் கல்லுக்குத் தமிழ் நூல்கள் சூரியகாந்தம் என்று பெயர் சூட்டின. காவிரிக் கரையிலுள்ள திருவாவடுதுறையில் தவமிருந்ததாக மரபு கூறும் திருமூலர், திருமந்திரத்தில் இக்கல்லையும் அதன் அருகிலுள்ள பஞ்சையும் உவமையாக எடுத்து, கல் தானாகப் பஞ்சைச் சுடாது என்றும், கதிரவன் முன்னிலையில்தான் சுடும் என்றும், அவ்வாறே குருவின் முன்னிலையில் உயிரின் மலங்கள் அறும் என்றும் விளக்குகிறார். வெப்பம் கதிரவனுக்கே உரியது, கல் அதற்கு வழி மட்டுமே என்னும் இயற்பியல் உண்மை இதில் பிழையின்றி அமைந்திருப்பதால், பஞ்சு பற்றியதை நேரில் கண்ட அனுபவம் இவ்வுவமைக்குப் பின்னால் இருந்திருக்கலாம்.

அத்தகைய கல்லுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வழியிலுள்ள வல்லத்தில் கிடைத்த நிறமற்ற படிகக் கற்களைச் சாணை பிடித்து மூக்குக்கண்ணாடிக்கு ஏற்ற லென்சுகளாக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. ஆங்கிலேயர் கால மாவட்ட விவரச் சுவடிகளும் வல்லம் கற்களைக் குறிப்பிடுகின்றன. நடுப்பகுதி தடித்து விளிம்பு மெலிந்த குவிலென்சு, முதியவர் ஏடு படிக்கவும் உதவும், வெயிலில் பிடித்தால் பஞ்சையும் பற்றவைக்கும்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு என்பது 1800ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் பிரிந்த ஒளியில் சிவப்புக்கு அப்பால் வைத்த வெப்பமானி மேலும் சூடேறியதைக் கண்டார். அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படும் இவை, பூமியை அடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதியாகும். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் அகச்சிவப்பில் ஒரு பகுதியைப் படிகம் உள்ளே விடுகிறது. தொட்டால் குளிர்ந்திருக்கும் வல்லம் கல் வெப்பக் கதிருக்குக் கண்ணாடியைவிடத் தாராளமாக வழிவிடும் என்பது வியப்புக்குரியது.

ஆயினும் தீ மூட்டுவது வேறு, ஆற்றலை அறுவடை செய்வது வேறு. தெளிந்த வானத்து உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள லென்சின் பங்கு அதில் சுமார் 1 வாட் மட்டுமே. கொள்ளிடத்துக்கு மிகுதியாகச் சென்ற நீரைக் காவிரிக்குத் திருப்புவதற்காக 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை ஒரு துளி நீரையும் புதிதாகப் படைக்காதது போல, லென்சும் ஆற்றலைப் படைப்பதில்லை. மிகுதியான ஆற்றல் வேண்டுமெனில் லென்சின் பரப்பு பெருக வேண்டும். பரப்பு பெருகினால் தடிப்பும் எடையும் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1820களில் கலங்கரை விளக்கத்துக்காக வகுத்த, வளைவை வளையங்களாக வெட்டித் தட்டையாக்கிய லென்சு இச்சிக்கலைத் தணித்தது.

இந்தியாவில் பெரிய அளவு முயற்சிகள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஆடிகளையே நாடின. பம்பாயில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், பல தட்டை ஆடிகளால் ஒரு கொதிகலனைச் சூடாக்கி நீராவிப் பொறியை இயக்கி, விறகும் நிலக்கரியும் அரிதான வெப்ப நாடுகளுக்கு இதுவே மாற்று என்று 1878இல் நூல் எழுதினார். அக்காலத்தில் அதைத் தொடர்வாரின்றிப் போனது பேரிழப்பு. தமிழ் நிலத்தில் அக்கனவு ஆரோவில்லில் உருப்பெற்றது: அங்குள்ள 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம், தெளிந்த நாளில் ஏறத்தாழ 1,000 பேருக்குச் சமைக்க உதவும் அளவுக்கு நீராவி தரவல்லது.

கதிரவன் மறைந்தபின் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பாறை வெளிவிடும் வெப்பத்தை இவ்வாறு அறுவடை செய்ய இயலுமா என்ற கேள்விக்கு வெப்ப இயக்கவியல் தெளிவான விடை தருகிறது. 50 டிகிரிப் பாறை உமிழும் அகச்சிவப்பின் அலைநீளம் பெரிதும் 9 மைக்ரோமீட்டரை ஒட்டியது. கண்ணாடியும் தடித்த படிகமும் அதைத் தடுத்துவிடும். ஜெர்மானியம் போன்ற பொருளால் ஆன லென்சு அதைக் குவித்தாலும், குவிந்த இடம் மூலத்தைவிடச் சூடாகாது. சுமார் 5,500 டிகிரி வெப்பமுள்ள கதிரவனின் பரப்பு மட்டுமே லென்சுக்கு ஏற்ற மூலம். அதுவும் நேர்க்கதிர் விழும்போது மட்டுமே, ஏனெனில் மேகத்தில் சிதறிய ஒளியை எந்த லென்சாலும் ஒரு புள்ளியில் குவிக்க முடியாது.