ரொஸ்ஸினி கைவிட்ட ஓபராவின் நெடும்பயணம்

பிரான்சின் பத்தாம் சார்லஸ் 1825 மே 29 அன்று ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தில் முடிசூடிக்கொண்டார். அதைக் கொண்டாடப் பாரிசின் இத்தாலிய நாடக அரங்கம் ஒரு புதிய ஓபராவை மேடையேற்றியது. அந்த அரங்கின் பொறுப்பில் அப்போது இருந்தவர் ஜோவாக்கினோ ரொஸ்ஸினி. வயது 33. 'செவில் நகர நாவிதர்' எழுதி ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தார். லூயிஜி பலோக்கி எழுதிய கதைக்கு அவர் இசையமைத்த 'இல் வியாஜ்ஜோ அ ரெய்ம்ஸ்', அதாவது 'ரெய்ம்ஸ் பயணம்', ஜூன் 19 அன்று மன்னர் முன்னிலையில் அரங்கேறியது. ரொஸ்ஸினி இத்தாலிய மொழியில் எழுதிய கடைசி ஓபரா இது.

கதை எளிமையானது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ப்லோம்பியேர் என்ற ஊரில் 'பொன் அல்லி' என்றொரு விடுதி. முடிசூட்டு விழாவுக்குப் போகும் பிரபுக்களும் சீமாட்டிகளும் பல நாடுகளிலிருந்து வந்து அங்கே தங்குகிறார்கள். புறப்படும் நேரத்தில் வண்டிக்குக் குதிரை இல்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த குதிரைகள் எல்லாவற்றையும் முன்னால் போனவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாராலும் ரெய்ம்ஸுக்குப் போக முடியவில்லை. பயணத்துக்கு வைத்திருந்த பணத்தில் விடுதியிலேயே விருந்து வைக்கிறார்கள். ஜெர்மானியர், ரஷ்யர், ஸ்பானியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுப் பாணியில் பாடுகிறார்கள். கடைசியில் ரோமிலிருந்து வந்த கவிஞர் கொரின்னா, யாழ் போன்ற ஹார்ப் கருவியின் துணையோடு மன்னரைப் புகழ்ந்து பாட, ஓபரா முடிகிறது.

கதை இவ்வளவுதான் என்பதால் இசையும் லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. குதிரை கிடைக்காத செய்தி வந்ததும் தனிப்பாடகர்கள் 14 பேர் சேர்ந்து பாடும் ஒரு பகுதி உண்டு. வாத்தியங்கள் அடங்கிவிட, வெறும் குரல்களாகத் திகைப்போடு தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பெருங்களிப்பில் போய் முடியும் அது. அந்த 14 பேரில் பெரும்பாலோர் முதல்தரப் பாடகர்களாக இருந்தாக வேண்டும். 1825இல் பாரிசில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கொரின்னாவாகப் பாடிய ஜூதித்தா பாஸ்தாவுக்காகத்தான் பின்னாளில் இசையமைப்பாளர் பெல்லினி 'நோர்மா' ஓபராவை எழுதினார்.

ஆனாலும் நான்கு முறை நிகழ்ந்ததோடு ரொஸ்ஸினி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு விழாவுக்காக எழுதியது, விழாவோடு அதன் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. இசையை வீணாக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. 1828 ஆகஸ்ட் 20 அன்று பாரிசில் அரங்கேறிய 'கோமகன் ஓரி' என்ற பிரெஞ்சு ஓபராவுக்குள் ஏறக்குறைய பாதி இசை போய்ச் சேர்ந்தது. 14 குரல் பகுதி, ஏழு குரலும் குழுப்பாடலும் சேர்ந்த பகுதியாக மாறியது. ஒரு கதாபாத்திரம் பயணிகளின் உடைமைகளைப் பட்டியலிட்டுப் பாடிய பாட்டு, திராட்சை மது இருந்த நிலவறையில் புகுந்து கொள்ளையடித்த கதையைச் சொல்லும் பாட்டானது.

எஞ்சியது வேறு திசைகளில் பயணப்பட்டது. 1848இல் பாரிசில் புரட்சி வெடித்து மன்னராட்சி கவிழ்ந்தது. மன்னரைப் போற்றப் பிறந்த இதே இசையை அதே ஆண்டில் 'பாரிசுக்குப் போவோமா?' என்ற பெயரில் புதிய சூழலுக்கேற்ப மாற்றி மேடையேற்றினார்கள். 1854இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கும் எலிசபெத்துக்கும் வியன்னாவில் திருமணம். அப்போது அது 'வியன்னா பயணம்' ஆனது. அதன் பிறகு 120 ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இந்த ஓபரா இல்லை. வரலாற்று நூல்களில் தொலைந்த படைப்பு என்றே இடம்பெற்றது.

தேடல் 1970களில் சூடுபிடித்தது. ரோமில் சான்டா சிசிலியா இசைக்கல்லூரி நூலகத்தில் ரொஸ்ஸினியின் கையெழுத்துத் தாள்கள் அடையாளம் காணப்பட்டன. 'கோமகன் ஓரி'க்குப் போகாமல் எஞ்சிய பகுதிகள் முக்கியமாக அதில் இருந்தன. பாரிஸ் நூலகங்களில் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் எழுதிக்கொடுத்த தனித்தனிப் படிகள் கிடைத்தன. வியன்னாவில் 1854 நிகழ்ச்சிக்கான படிகள் இருந்தன. ஓரிக்குள் கலந்துபோன இசை ஏற்கெனவே கையில் இருந்தது. அமெரிக்க இசை அறிஞர்கள் ஃபிலிப் காசெட்டும் ஜேனட் ஜான்சனும் இவற்றை வரிவரியாக ஒப்பிட்டார்கள். உடைந்த மண்பானையின் ஓடுகளைப் பொருத்துவது போன்ற வேலை அது. முழு இசைக்குறிப்பைப் பதிப்பித்த உழைப்பு ஜான்சனுடையது.

1984 ஆகஸ்ட் 18 அன்று பெசரோவில் அந்த ஓபரா மீண்டும் ஒலித்தது. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள பெசரோ ரொஸ்ஸினி பிறந்த ஊர். இசையை நடத்தியவர் கிளாடியோ அபாதோ, இயக்கியவர் லூக்கா ரொன்கோனி. சாமுவேல் ரேமி, ருஜ்ஜேரோ ராய்மோந்தி, காத்யா ரிச்சாரெல்லி, லூச்சியா வாலென்தீனி தெர்ரானி, செசீலியா காஸ்தியா என அன்றைய பெரிய குரல்கள் ஒரே மேடையில் சேர்ந்தன. விடுதிக்குள் பாட்டு நடந்துகொண்டிருக்கையில் ஊர்த் தெருக்களில் அரச ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைத் திரைகளில் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் முன்னால், முடிவில் ஊர்வலமே அரங்குக்குள் நுழைந்தது.

இந்த மீட்சி சாத்தியமானதற்குப் பின்னால் ரொஸ்ஸினியின் பணமும் இருக்கிறது. அவர் தன் சொத்தைப் பெசரோ நகருக்கு உயில் எழுதிவைத்தார். அதிலிருந்து அங்கே இசைக்கல்லூரி எழுந்தது. ரொஸ்ஸினி அறக்கட்டளையும் அதன் வழியில் வந்ததுதான். அவருடைய படைப்புகளைத் திருத்தமாகப் பதிப்பிக்கும் அந்த அறக்கட்டளையின் திட்டத்தில்தான் இந்த ஓபராவும் முழு உருப் பெற்றது. 1984இல் அது ஒலித்த மண்டபமும் அந்த இசைக்கல்லூரியின் மண்டபமே. அவரே வேண்டாம் என்று ஒதுக்கியதை அவருடைய செல்வமே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது.

பத்தாம் சார்லஸ் 1830இல் அரியணையை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். அவருக்காக எழுதிய இசையோ இரண்டு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. படைத்தவர் கைவிட்டாலும் படைப்பு பிழைக்கலாம். அதற்குப் படி எடுத்தவர்களும், தூக்கி எறியாமல் அடுக்கிவைத்த நூலகர்களும், பொறுமையாகப் படித்த அறிஞர்களும் வேண்டும். மேடைக் கைத்தட்டலில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

14 தேர்ந்த குரல்களைத் திரட்டுவது எந்த அரங்குக்கும் கடினம் என்பதால் இந்த ஓபரா இன்றும் அடிக்கடி மேடையேறுவதில்லை. பெசரோ மட்டும் விதிவிலக்கு. 2001 முதல் அங்கே நடக்கும் ரொஸ்ஸினி விழாவில் ஒவ்வொரு கோடையிலும் இளம் பாடகர்கள் இதைப் பாடுகிறார்கள். குவான் தியேகோ ஃபுளோரஸ் போன்ற நட்சத்திரப் பாடகர்களைக் கேட்க ஊருக்கு வருபவர்கள், நாளைய நட்சத்திரங்களை இந்த நிகழ்ச்சியில் கேட்கிறார்கள். பொலோன்யாவிலிருந்து ரிமினி வழியாக ரயிலில் பெசரோ போய்ச் சேரலாம். ஆகஸ்டில் இத்தாலி போகும் வாய்ப்பு உள்ளவர்கள் ரோம், வெனிஸோடு நிறுத்திவிடாமல் பெசரோவுக்கும் போய் வாருங்கள். போக இயலாதவர்கள் அபாதோ நடத்திய 1984 ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். அந்த 14 குரல் பகுதியை இரண்டு முறை கேளுங்கள்.