எவாலி: 2019 அமெரிக்க மின்-சிகரெட் நுரையீரல் நோய்

2019 ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அமெரிக்காவில் மின்-சிகரெட் பிடித்தவர்களிடையே திடீரெனத் தோன்றிய கடுமையான நுரையீரல் பாதிப்பு எவாலி எனப்படுகிறது. 'மின்-சிகரெட் முதலியவற்றின் ஆவியை உள்ளிழுப்பதோடு தொடர்புடைய நுரையீரல் காயம்' என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆன சொல் இது. இது தொற்றுநோய் அன்று. 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் இந்நோயாளிகளாகக் கணக்கில் சேர்ந்தனர்; அவர்களுள் 68 பேர் இறந்தனர்.

இந்நிகழ்வு இன்று இரண்டு விதமாகத் தவறாகச் சொல்லப்படுகிறது. கடையில் விற்ற நிகோடின் மின்-சிகரெட்டே 68 பேரைக் கொன்றது என்பது ஒன்று. குற்றவாளி கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெய்தான், ஆகவே நிகோடின் ஆவியால் கேடில்லை என்பது மற்றொன்று. நடந்ததைக் கால வரிசையில் பார்த்தால் இரண்டும் பொருந்தாமை விளங்கும்.

கருவி வந்த வழி

புகையிலையை எரிக்காமல் ஆவியை மட்டும் இழுக்கும் சிகரெட்டுக்கு ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் காப்புரிமை பெற்றார். அது சந்தையில் எடுபடவில்லை. இன்றைய மின்-சிகரெட்டை 2003 இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். அவரும் சிகரெட் பிடிப்பவரே. சில ஆண்டுகளில் அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்தது.

அமைப்பு எளியது: ஒரு மின்கலம், சூடாகும் ஒரு கம்பிச்சுருள், ஒரு நீர்மக் குப்பி. நீர்மத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், மணமூட்டி ஆகியவை இருக்கும். எரிதல் இல்லாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாவதில்லை. புகைப்பழக்கத்தை விட முடியாத பெரியவருக்கு இது குறைந்த கேடு என்ற வாதம் இங்கிருந்தே பிறந்தது. பிரிட்டன் இன்றும் அந்த வழியில் இதைப் பயன்படுத்துகிறது.

2015 இல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறியது. பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோடினை உப்பு வடிவுக்கு மாற்றியதால் தொண்டையில் காரல் குறைந்தது. காரல்தான் புதிதாகப் பிடிப்பவரைத் தடுக்கும் இயற்கை வேலி. அந்த வேலி விழுந்தபின் மிகுந்த நிகோடினைப் பதினைந்து வயதுப் பிள்ளையும் இருமாமல் இழுக்க முடிந்தது. பார்ப்பதற்கு யுஎஸ்பி பென் டிரைவ் போன்றிருந்ததால் வகுப்பறையில் ஆசிரியர் கண்ணிலும் எளிதில் படவில்லை. கடந்த 30 நாள்களில் மின்-சிகரெட் பிடித்ததாகச் சொன்ன உயர்நிலைப் பள்ளி மாணவர் 2017 இல் 11.7 விழுக்காடு; 2019 இல் 27.5 விழுக்காடு.

மில்வாக்கியில் தொடங்கியது

2019 ஜூலை 25 அன்று விஸ்கான்சின் மாநில நலவாழ்வுத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மில்வாக்கி நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் கடும் நுரையீரல் பாதிப்புடன் எட்டு இளவயதினர் சேர்க்கப்பட்டிருந்தனர். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் ஆகியவற்றோடு பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தமையால் முதலில் நோய் பிடிபடவில்லை. ஊடுகதிர்ப் படத்தில் இரு நுரையீரல்களும் மங்கிக் கிடந்தன. நிமோனியா என்று கருதிக் கொடுத்த மருந்துகள் பலன் தரவில்லை. நலமாக இருந்த பிள்ளைகள் சில நாள்களில் செயற்கைச் சுவாசம் வரை போனார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஆவிபிடிக்கும் பழக்கம் ஒன்றே.

அண்டை மாநிலமான இலினாயில் ஆகஸ்டு 23 அன்று முதல் இறப்பு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் நோயாளிகளின் வரத்து உச்சத்தை எட்டியது. நோயாளிகளின் இடைநிலை வயது 24 தான். இறந்தோரின் இடைநிலை வயதோ ஏறத்தாழ 50. வாலிபருக்கு வந்த நோய் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது.

காரணத்தைத் தேடுதல்

நோயாளிகளிடம் விசாரித்தபோது 82 விழுக்காட்டினர் டி.எச்.சி. கலந்த குப்பிகளைப் பயன்படுத்தியதாகக் கூறினர். டி.எச்.சி. என்பது கஞ்சாவின் போதைச்சத்து. பெரும்பாலும் நண்பர்களிடமும் கள்ளச்சந்தையிலும் வாங்கியவை அவை. நிகோடின் மட்டுமே பயன்படுத்தினோம் என்றவர்கள் 14 விழுக்காடு. கஞ்சா சட்டவிரோதமாக உள்ள மாநிலங்களில் சிலர் உண்மையைச் சொல்லத் தயங்கியிருக்கலாம் என்பதை ஆய்வாளர்கள் அப்போதே கருத்தில் கொண்டனர்.

செப்டம்பர் 5 அன்று நியூயார்க் மாநில ஆய்வகம் முக்கியத் தடயத்தை அறிவித்தது. சோதித்த கஞ்சாக் குப்பிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வைட்டமின் ஈ அசிடேட் மிகுதியாக இருந்தது. இது நஞ்சன்று, மாத்திரையாக விழுங்கப்படுவது, தோல் களிம்பிலும் சேர்க்கப்படுவது. அது குப்பிக்குள் வந்த கதை தேனில் வெல்லப்பாகைக் கலக்கும் கதைதான். விலைமிக்க கஞ்சா எண்ணெயின் அளவைக் கூட்ட மலிவான ஒன்று தேவை. ஆனால் நீர்த்துப்போனால் வாங்குபவர் கண்டுகொள்வார். வைட்டமின் ஈ அசிடேட் அதே கெட்டித்தன்மை உடையது, மணமற்றது.

விழுங்கினால் தீங்கு செய்யாதது நுரையீரலில் ஏன் தீங்கு செய்தது? காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய கொழுமியப் படலம் ஒன்று படர்ந்துள்ளது. மூச்சை விடும்போது அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுவே. எண்ணெய்ப் பொருளாகிய வைட்டமின் ஈ அசிடேட் அப்படலத்தில் புகுந்து அதன் தன்மையைக் கெடுப்பதாகக் கருதப்படுகிறது. கம்பிச்சுருளின் சூட்டில் அது சிதைந்து கீட்டீன் என்னும் நச்சு வளிமம் உண்டாகலாம் என்றும் பின்னர் ஆய்வகச் சோதனைகள் காட்டின. வயிற்றில் செரிக்கும் பொருள் நுரையீரலிலும் அடங்கும் என்ற எண்ணமே பிழை. மின்-சிகரெட்டில் சேரும் உணவு மணமூட்டிகளுக்கும் இது பொருந்தும்.

நவம்பர் 8 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 29 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீர்மத்தில், அனைத்திலும் இப்பொருளைக் கண்டதாக அறிவித்தது. டிசம்பரில் வெளியான விரிவான ஆய்வில் 51 நோயாளிகளில் 48 பேரிடம் அது இருந்தது. ஒப்பிடச் சேர்க்கப்பட்ட நலமான 99 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆயினும் வேறு பொருள்களுக்கும் பங்கு இருக்கலாம் என்பதை மையம் மறுக்கவில்லை.

சட்டங்கள் முந்திக்கொண்டன

காரணம் உறுதியாகும் முன்பே ஆணைகள் வந்துவிட்டன. செப்டம்பர் 24 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் எல்லா ஆவிபிடிப்புப் பொருள்களின் விற்பனையையும் நான்கு மாதங்களுக்கு நிறுத்தியது. அதற்கு ஆறு நாள் முன்னதாக, செப்டம்பர் 18 அன்று, இந்திய அரசு மின்-சிகரெட்டைத் தடைசெய்யும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் குற்றத்திலேயே ஓராண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இந்தியத் தடை அமெரிக்கச் செய்தியால் மட்டும் பிறந்ததன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மே மாதமே முழுத்தடையைப் பரிந்துரைத்திருந்தது. தமிழ்நாடு 2018 இலேயே தடை செய்திருந்தது. பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தாராளமாகக் கிடைக்க, இதற்கு மட்டும் ஏன் தடை என்று அன்று எழுந்த கேள்விக்குத் திருப்தியான விடை வரவில்லை. எனினும் பழக்கம் வேரூன்றுமுன் தடுப்பது வேரூன்றியபின் பிடுங்குவதை விட எளிது என்ற வாதத்தில் பொருள் உண்டு.

எவாலிக்கு முதன்மைக் காரணம் கலப்பட எண்ணெய் என்பதால் நிகோடின் ஆவி தூய்மையாகிவிடவில்லை. நிகோடின் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது, இருபத்தைந்து வயது வரை வளரும் மூளையில் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது, எளிதில் அடிமையாக்குகிறது. சுருள் மிகைச் சூடானால் ஃபார்மால்டிகைடு உண்டாகிறது. நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியில் அளக்கப்பட்டுள்ளன. இவை எவாலியைப் போல ஒரு வாரத்தில் ஆளை மருத்துவமனைக்கு அனுப்புபவை அல்ல. சிகரெட்டின் கேடு முழுமையாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின; மின்-சிகரெட் பரவி அத்தனை காலம் ஆகவில்லை.

நோயாளிகள் குறைந்ததால் 2020 பிப்ரவரியில் நாடளாவிய கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கொரோனா பரவியது. காய்ச்சல், இருமல், இரு நுரையீரலிலும் மங்கல் என்று அதே அடையாளங்கள். ஏப்ரலில் கலிபோர்னியாவில் எட்டுப் பேருக்கு எவாலி கண்டறியப்பட்டது. கொரோனா இல்லை என்று சோதனையில் உறுதியான பிறகே மருத்துவர்கள் அந்த முடிவுக்கு வந்தனர்.